ஏழுக்குப் பதின்மூன்று: கைதிகளைக் கொடுத்து ஆட்களை மீட்பது பற்றி

2025 ஒக்டோபர் 13. காசாவில் உயிரோடு எஞ்சியிருந்த பணயக்கைதிகள் 20 பேரும் வெளியே வந்த நாள். அன்று நான் கிளிநொச்சியில், ஏ9 வீதியோரத் தேத்தண்ணிக் கடை ஒன்றில் இருந்தேன். தொலைக்காட்சியின் ஒரு பாதியில் டெல் அவிவ் சதுக்கம், மறுபாதியில் ரமல்லாவுக்கு வந்துசேர்ந்த பஸ்கள். அந்த 20 பேருக்கும் ஈடாக, நீண்ட தண்டனை பெற்ற சுமார் 250 பலஸ்தீனக் கைதிகளையும், போர்க்காலத்தில் காசாவில் பிடித்து வைத்திருந்த சுமார் 1,700 பேரையும் இஸ்ரேல் விட்டிருந்தது. பக்கத்து வாங்கில் இருந்த ஐயா ஒருவர் வடையைப் பிய்த்தபடி கேட்டார்: "தம்பி, இருபது பேருக்கு ரெண்டாயிரமோ? இது என்ன கணக்கு?"

நான் வாய் திறக்குமுன் கடைக்காரர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "ஓமந்தையில ஏழுக்குப் பதின்மூண்டு குடுத்தவை, ஐயா. அப்ப நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையே!"

கடைக்காரர் சொன்னது சரி. இளம் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது. 2002 பெப்ரவரி 22 இல் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது, ஏ9 திறந்தது. ஓமந்தையில் இராணுவத்தின் சாவடி, அதற்கு வடக்கே புளியங்குளத்தில் புலிகளின் சாவடி, நடுவே செஞ்சிலுவைக் கொடியை நம்பி ஆட்கள் கடந்த சூனியப் பிரதேசம். செப்டெம்பர் 16 முதல் 18 வரை தாய்லாந்தின் சத்தாஹிப்பில் முதற்சுற்றுப் பேச்சு நடந்தது. அது முடிந்து பத்தாம் நாள், செப்டெம்பர் 28 அன்று, ஓமந்தை வழியாகப் புலிகள் 7 பேரை அனுப்பினார்கள், அரசு 13 பேரை அனுப்பியது. அந்த 7 பேரில் ஒருவர் கடற்படைக் கப்டன் அஜித் போயகொட. 1994 செப்டெம்பரில் மன்னார்க் கடலில் 'சாகரவர்தன' கப்பலைப் புலிகள் மூழ்கடித்தபோது பிடிபட்டவர். முதலில் யாழ்ப்பாணம், பிறகு வன்னி என்று எட்டு ஆண்டுகள் அவர்களிடம் இருந்தார். அரசு விட்ட 13 பேரில் கெனடி என்பவரும் இருந்தார். அவர் 1994 இல் பலாலி விமானத்தளத் தாக்குதலில் பிடிபட்டவர்.

ஆயுதக் குழுக்களிடம் சிக்கியவர்களை மீட்க, அரசு தன் சிறையில் இருப்பவர்களை விடலாமா? உலகம் இதை ஆம், இல்லை என்று கேட்டுப் பழகிவிட்டது. விடவே கூடாது, விட்டால் நாளைக்கு இன்னொருவனைக் கடத்துவார்கள் என்பது ஒரு பக்கம். என் பிள்ளையை எதைக் கொடுத்தாவது கொண்டு வாருங்கள் என்பது இன்னொரு பக்கம். இரண்டுமே நேர்மையான பதில்கள். ஆனால் இரண்டு தரப்பும் கைதிகளை வைத்திருந்த ஒரு நிலத்தில் இருந்து பார்க்கும்போது எனக்குக் கேள்வியே கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது. கொடுக்கவே மாட்டோம் என்று அறிவித்த அரசுகளும் ஒருநாள் கொடுத்திருக்கின்றன. யாருக்காகக் கொடுத்தார்கள், யாரைக் கொடுத்தார்கள், தலையில் துவக்கு வைத்திருந்த நேரத்திலா துவக்கு ஓய்ந்த நேரத்திலா என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் விலையைப் பார்ப்போம், ஐயாவின் கேள்வி அதுதானே. 1985 மே மாதம் இஸ்ரேல் 3 படையினருக்காக 1,150 பேரை விட்டது. 2011 ஒக்டோபரில் கிலாட் ஷலிட் என்ற ஒரேயொரு சிப்பாய்க்காக 1,027 பேரை விட்டது. ஓமந்தையில் ஒருவருக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஒரு யூதச் சிப்பாயின் உயிர் ஆயிரம் அரபு உயிர்களுக்குச் சமம் என்று பெருமையாகவும் கோபமாகவும் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. சந்தையில் எந்தப் பொருளுக்கும் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. ஒருவரிடம் ஒரே ஒரு ஆள், மற்றவரிடம் சிறை நிறைய ஆட்கள் என்றால் விலை அப்படித்தான் ஏறும். அதோடு, பிடிபட்டவரின் தாயும் தகப்பனும் எவ்வளவு சத்தமாகக் கேட்க முடிகிறது என்பதும் விலையில் சேரும். ஷலிட்டின் பெற்றோர் எருசலேமில் பிரதமர் வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டு இருந்தார்கள். அந்தக் கூடாரத்தைக் கடக்காமல் பிரதமரால் வீட்டுக்குப் போக முடியவில்லை.

2002 இல் எங்கள் விலை ஏன் குறைந்தது? அதற்கு முன்பே சிறைக்கதவு வேறு வழியால் கொஞ்சம் திறந்திருந்தது. போர்நிறுத்த உடன்படிக்கையின் 2.12 ஆவது பிரிவு, பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் தேடுதல், கைது நடக்கக் கூடாது என்றது. அந்த ஆண்டு அச்சட்டத்தில் அடைபட்டிருந்த நூற்றுக்கணக்கானோர் வழக்கு மீளப்பெறப்பட்டோ பிணையிலோ வெளியே வந்தார்கள். ஆகவே ஓமந்தையில் பேரம் பேச வேண்டியிருந்தது மிஞ்சிய சிலரைப் பற்றித்தான். விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்து வைக்கும் அரசு, தான் அறியாமலே எதிராளிக்குக் கடத்தும் ஆசையைச் சேமித்துக் கொடுக்கிறது. 2023 நவம்பரில் காசாவில் சண்டை ஒரு வாரம் ஓய்ந்தபோது இஸ்ரேல் 240 பேரை விட்டது. அவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் பதின்ம வயதுப் பிள்ளைகளும். பலருக்குத் தீர்ப்பே ஆகியிருக்கவில்லை. தீர்ப்பில்லாதவரை விடுவதற்கு ஒரு பணயக்கைதி தேவைப்பட்டது என்பதை யோசித்துப் பாருங்கள். வழக்கு நடத்தித் தண்டிக்க வேண்டியவரைத் தண்டித்து, மற்றவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பேரம் பேச மேசையில் பாதிக்கு மேல் இருந்திருக்காது.

எங்கள் ஊரில் அந்தப் பயங்கரவாதத் தடைச்சட்டம் 1979 இல் வந்தது. குற்றப்பத்திரிகை இல்லாமலே 18 மாதங்கள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது, 2022 இல்தான் அதை 12 மாதமாக்கினார்கள். குற்றப்பத்திரிகை வந்த பிறகும் தவணை தவணையாகப் பத்து ஆண்டுக்கு மேல் போனவர்கள் உண்டு. அரசியல் கைதி என்று நாங்கள் சொல்வோம். அப்படி யாருமே இல்லை, குற்றவாளிகள்தான் இருக்கிறார்கள் என்று மாறி மாறி வந்த அரசுகள் சொல்லும். இந்தப் பெயர்ச் சண்டை சும்மா வார்த்தைச் சண்டை அல்ல. புலிகள் தாங்கள் பிடித்த படையினரைப் போர்க்கைதி என்றார்கள். அரசு தன்னிடம் இருந்த போராளியை ஒருநாளும் அப்படி அழைக்கவில்லை, அழைத்தால் எதிரே நிற்பதும் ஒரு படை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். செஞ்சிலுவைக்காரர் இரண்டு சொல்லிலும் மாட்டாமல், 'மோதல் தொடர்பில் தடுத்து வைக்கப்பட்டவர்கள்' என்று ஒரு நீளச் சொல்லை வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லை நாங்கள் கேலி செய்திருக்கிறோம். ஆனால் அந்த மழுப்பலான சொல் இல்லையென்றால் 28 ஆம் திகதி ஓமந்தையில் யாரும் யாரையும் கைமாற்றியிருக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிலும் பொதுவாக உள்ள மூன்றாவது உறுப்புரை, உள்நாட்டுப் போரிலும் பணயக்கைதி பிடிப்பதைத் தடைசெய்கிறது. அது அரசுக்கும் பொருந்தும், ஆயுதக் குழுவுக்கும் பொருந்தும். சண்டையில் சிப்பாயைப் பிடிப்பது மட்டும் பணயம் ஆகாது. 'இன்னாரை விடு, இல்லையேல் இவனைக் கொல்வேன், விடவே மாட்டேன்' என்று மூன்றாம் ஆளை மிரட்டும்போதுதான் அது பணயம் ஆகிறது; 1979 இல் வந்த ஐ.நா. உடன்படிக்கையின் வரையறை ஏறத்தாழ இதுதான். ஆகவே ஒரே ஆள் காலையில் போர்க்கைதியாகவும் மாலையில் பணயக்கைதியாகவும் இருக்கலாம். போயகொட அனுபவித்தது முதலாவது வகைக்குக் கிட்டியது: செஞ்சிலுவை வந்து பார்த்தது, வீட்டுக் கடிதம் வந்தது. 2023 ஒக்டோபர் 7 இல், ஹமாஸ் தாக்குதலின்போது, வீடுகளில் இருந்தும் இசை விழாவில் இருந்தும் இழுத்துச் செல்லப்பட்டவர்கள் இரண்டாவது வகை. அன்று காசாவுக்குள் கொண்டுபோகப்பட்ட 251 பேரில் தாய்லாந்துத் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அதே நாளில் இலங்கையர் இருவரும் இறந்தார்கள். அதில் ஒருவரைக் கடத்தப்பட்டவர் என்றே முதலில் சில நாட்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

இந்த இரண்டு வகையையும் ஒரே தட்டில் போட்டுப் பேசுவதால்தான் வாதம் எப்போதும் சுற்றிச் சுற்றி வருகிறது. சண்டையில் பிடிபட்டவனைச் சண்டையில் பிடிபட்டவனோடு மாற்றுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை, அது மன்னர் காலத்து வழக்கம். பொதுமக்களைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்கும்போதுதான் தொண்டையில் முள் குத்துகிறது.

1984 மே மாதம் யாழ்ப்பாணத்தில் அமெரிக்கத் தம்பதி ஒன்றை ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியினர் கடத்தினார்கள். 20 கைதிகளை விட வேண்டும், 5 கோடி ரூபாய் பெறுமதியான தங்கத்தைத் தமிழ்நாட்டு அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஜே.ஆர். ஜெயவர்தன முடியாது என்றார். இந்திரா காந்தியும் விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். சில நாட்களில் இருவரும் காயமில்லாமல் வெளியே வந்தார்கள், ஒரு கைதியும் விடப்படவில்லை. மறுத்தால் வெற்றி என்று இந்தக் கதையைச் சொல்லலாம். ஆனால் அதில் கடத்தியவர்களுக்கு டெல்லியின் சொல்லைத் தட்ட முடியாத நிலை இருந்தது. மறுப்பு வென்றதா, டெல்லி வென்றதா?

மறுத்துத் தோற்ற கதைகளும் உண்டு. 1973 மார்ச்சில் சூடானின் கார்ட்டூமில் அமெரிக்கத் தூதுவர் உள்ளிட்டோரைப் பலஸ்தீனக் கறுப்பு செப்டெம்பர் குழு பிடித்தபோது, மிரட்டலுக்குப் பணிய மாட்டோம் என்று நிக்சன் பகிரங்கமாகச் சொன்னார். தூதுவரையும் இன்னொரு அமெரிக்கரையும் ஒரு பெல்ஜியரையும் சுட்டுக் கொன்றார்கள். 2014 இல் சிரியாவில் ஐ.எஸ். அமைப்பிடம் ஒரே சிறையில் இருந்தவர்களில் ஐரோப்பியர் பலர் பணம் கைமாறி வீடு போனார்கள். அமெரிக்கரும் பிரித்தானியரும் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு மே 31 இல்தான், பேசவே மாட்டோம் என்ற அதே அமெரிக்கா, போ பெர்க்டால் என்ற சிப்பாய்க்காகக் குவாண்டனாமோவில் இருந்த தலிபான்கள் ஐவரை விட்டது. சிப்பாய் என்றால் ஒரு கணக்கு, பத்திரிகையாளர் என்றால் வேறு கணக்கு. அமெரிக்கர் கேட்ட கேள்வியையே நானும் கேட்கிறேன்: கொள்கை என்பது அப்போது எங்கே போயிருந்தது? 2015 இல் ஒபாமா, பணம் கொடுக்கும் குடும்பங்களை வழக்குப் போட்டு மிரட்ட மாட்டோம் என்று மாற்றியமைத்தார். அதற்கு முன்பு பிள்ளையை இழந்த பெற்றோரை அந்த மிரட்டல் எப்படி அரித்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

விடுவதால் வரும் கேடு கற்பனையல்ல. 2011 இல் விடப்பட்ட 1,027 பேரில் ஹமாஸின் யஹ்யா சின்வாரும் ஒருவர். 12 ஆண்டுகள் கழித்து ஒக்டோபர் 7 தாக்குதலைத் திட்டமிட்டவர் அவர்தான். 1999 டிசம்பரில் காத்மண்டுவில் இருந்து கிளம்பிய இந்திய விமானம் காந்தகாரில் போய் நின்றது. பயணிகளுக்காக மூவரை விட்டார்கள். அமைச்சர் ஜஸ்வந்த் சிங்கே உடன் பறந்துபோனார். மூவரில் ஒருவரான மசூத் அசார் அடுத்த மாதங்களிலேயே ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பைத் தொடங்கினார். மேற்கு ஜேர்மனி 1975 இல் அரசியல்வாதி ஒருவருக்காக ஐந்து பேரை ஏடனுக்கு அனுப்பியது. அந்த ஐவரில் ஒரு பெண் அந்த ஆண்டு முடிவதற்குள் வியன்னாவில் எண்ணெய் அமைச்சர்களைப் பிடித்த குழுவில் இருந்தார்.

நம்மிடமும் அப்படி ஒன்று உண்டு, ஆனால் அதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1986 ஒக்டோபரில் மன்னார் அடம்பனில் நடந்த சண்டையில் புலிகளின் தளபதி விக்டர் இறந்தார். அதே சண்டையில் இரண்டு சிப்பாய்கள் பிடிபட்டார்கள். புலிகளின் யாழ்ப்பாணத் தளபதி கிட்டுவும் இராணுவக் கப்டன் கொத்தலாவலவும் யாழ்ப்பாணத்தில் நேருக்கு நேர் சந்தித்துப் பேசினார்கள். ஊர் வாய் பிளந்து பார்த்த சந்திப்பு அது. அந்த இரண்டு சிப்பாய்களுக்கு மாற்றாக, கடலில் பிடிபட்டிருந்த புலி உறுப்பினர் அருணா திரும்பி வந்தார். செத்துவிட்டார் என்று நினைத்திருந்த ஆள் உயிரோடு வந்ததில் மகிழ்ச்சி இல்லாமலா? பிறகு 1987 மார்ச் 30 இல் கிட்டு மீது குண்டு வீசப்பட்டது. அன்றிரவு 'கந்தன் கருணை' என்ற வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த மாற்று இயக்கக் கைதிகள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சூட்டுக்கு அருணாவின் பெயரையே சொல்கிறார்கள். எதிரியின் சிறையில் இருந்து மாற்றத்தில் தப்பிய ஒருவர், தன் இயக்கத்தின் சிறையில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை. அவர்களைக் கொடுத்து எடுக்க யாரிடமும் எதுவும் இருக்கவில்லை.

ஆனாலும் சின்வாரைக் காட்டி இனி எந்த மாற்றமும் வேண்டாம் என்று சொல்வோருக்கு ஒரு கேள்வி. அந்த 1,027 பேரில் மற்றவர்கள் என்ன ஆனார்கள்? பலருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. பெர்க்டாலுக்காக விடப்பட்ட ஐவரும் கட்டாரில் இருந்து, பின்னர் அமெரிக்காவே தலிபான்களோடு பேசியபோது எதிர்ப்பக்கத்து மேசையில் அமர்ந்தார்கள். சண்டை முடிக்க வேண்டுமென்றால் யாரோடு பேசுவது? சிறையில் இருந்து வந்தவர்களோடுதான் பெரும்பாலும் பேச வேண்டியிருக்கிறது. கொடுக்க மறுக்கும் நாட்டின் குடிமக்களைக் கடத்துவது குறைகிறதா என்று அமெரிக்க ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. எது கையில் அகப்படுகிறதோ அதைத்தான் கடத்துபவன் முதலில் பிடிக்கிறான், கடவுச்சீட்டைப் பிறகுதான் பார்க்கிறான்.

விடுவதா வேண்டாமா என்று யார் தீர்மானிப்பது? இதற்கு இரண்டு நீதிமன்றக் கதைகள் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தவை. 1977 இல் ஜேர்மனியில் ஷ்லையர் என்ற தொழிலதிபரைக் கடத்தியபோது, கைதிகளை விடும்படி அரசுக்கு ஆணையிடுங்கள் என்று அவருடைய மகன் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் மறுத்தது. உயிரைக் காப்பது அரசின் கடமைதான், ஆனால் இப்படித்தான் காக்க வேண்டும் என்று நாங்கள் முன்கூட்டியே கட்டிப்போட்டால் கடத்துபவன் அரசின் பதிலைக் கணக்குப் போட்டுவிடுவான் என்பது அதன் நியாயம். ஓரிரு நாட்களில் ஷ்லையர் கொல்லப்பட்டார்.

மற்றது நமக்குக் கிட்டவே நடந்தது. 2000 ஜூலை 30 இல் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினார். வன்னியில் மின்சாரமில்லாமல் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. போர்ச் செய்திக்கு நடுவே அந்தச் செய்திக்கும் காது கொடுத்தோம். தடா என்ற இந்தியப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் அடைபட்டவர்களையும் தமிழ்நாட்டுச் சிறையில் இருந்த தமிழ்த் தேசியவாதிகள் சிலரையும் விட வேண்டும் என்று வீரப்பன் கேட்டார். இரண்டு மாநில அரசுகளும் இணங்கிவிட்டன. அப்போது வீரப்பன் கும்பல் முன்பு கொன்ற காவல் உதவி ஆய்வாளர் ஒருவரின் வயதான தகப்பன் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். என் பிள்ளையின் வழக்கில் உள்ளவர்களை நடிகருக்காக எப்படி விடுவீர்கள் என்பதுதான் அவர் கேட்டது. நவம்பர் 7 இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எட்டு நாள் கழித்து, 108 நாட்களின் பின், ராஜ்குமார் எப்படியோ உயிரோடு வந்தார்.

ஒரு மகன், ஒரு தகப்பன். ஒருவர் விடச் சொன்னார், மற்றவர் விடாதே என்றார். இருவரும் இழப்பில் நின்றுதான் கேட்டார்கள். கடத்தப்பட்டவரின் குடும்பத்தை மட்டும் கமெராவில் காட்டும்போது, விடப்படப்போகிறவர் கொன்ற ஆளின் குடும்பம் எங்கோ ஒரு வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு இருக்கும். அரசு ஒருவரை விடத் தீர்மானித்தால், அந்தக் குடும்பத்துக்கு முதலில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். எத்தனை அரசுகள் அதைச் செய்கின்றன?

எங்கள் பக்கத்திலும் ஒரு தாய் இருக்கிறார், சிங்களத் தாய். 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சண்டையில் விசாகா தர்மதாசவின் மகன் காணாமல் போனார். போர்நிறுத்த காலத்தில் அவர் மற்றத் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கே வந்து புலிகளைச் சந்தித்தார். படையினருக்கு அடையாளத் தகடு கொடுங்கள், உடல் கிடைத்தால் யாரென்று தெரியட்டும் என்று தன் அரசிடம் கேட்டுப் போராடினார். யாருக்காகப் பேரம் பேசுவது என்று தெரிய, ஆள் யாரென்று முதலில் தெரிய வேண்டுமே.

எல்லாக் கைதியும் பேரப் பொருளாவதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த 600 க்கும் மேற்பட்ட பொலிசாரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சரணடையும்படி மேலிடமே அவர்களுக்குச் சொல்லியிருந்தது. எதையாவது கேட்டு வாங்க வைத்திருந்தால் அவர்கள் பணயக்கைதிகள் என்றாவது ஆகியிருப்பார்கள். 2012 ஜூனில் வவுனியா சிறையில் தமிழ்க் கைதிகள் சிறைக்காவலர் மூவரைப் பிடித்து வைத்தார்கள். அனுராதபுரத்துக்கு மாற்றிய தங்கள் சகா ஒருவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது கோரிக்கை. பேரம் நீளவில்லை, அதிரடிப்படை உள்ளே போய் மூவரையும் மீட்டது. அதன் பின் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள், ஓர் இளைஞர் சில நாட்களில் இறந்தார். மீட்பு என்றால் எல்லோருக்கும் என்டெபே, 1976 இல் உகண்டா விமான நிலையத்தில் இஸ்ரேல் நடத்திய அதிரடி மீட்பு, ஞாபகம் வரும். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் ஞாபகம் வருவது வேறு.

2009 இல் நாங்களே பணயக்கைதிகள் என்று உலகத்துக்குச் சொல்லப்பட்டோம். உலகின் மிகப் பெரிய பணயக்கைதி மீட்பு நடவடிக்கை என்று அரசு அதற்குப் பெயர் வைத்தது. மக்கள் வெளியேறப் புலிகள் விடவில்லை, அவர்களைப் பணயமாகப் பயன்படுத்தினார்கள் என்று 2011 இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. அதே குழுதான், இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்களில் பெரும்பாலானோர் அரசின் எறிகணையில் இறந்தார்கள் என்றும் எழுதியது. மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்குள் இருந்தவருக்கு இரண்டுமே தெரியும். யாரும் எங்களுக்காக யாரையும் மாற்றிக்கொள்ளவில்லை, விலையும் பேசவில்லை. மீட்ட பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரை முட்கம்பிக்குள் வைத்தார்கள். மெனிக் பாம் மூடியது 2012 செப்டெம்பரில். கொஞ்சம் கசப்பாகச் சொல்லிவிட்டேன், இருக்கட்டும்.

ஆகவே என் கருத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். சண்டையில் பிடிபட்டவர்களை இரண்டு பக்கமும் செஞ்சிலுவையிடம் பெயர் பதிந்து, சண்டை ஓயும் முதல் வாய்ப்பில் மாற்றிக்கொள்ளட்டும். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. பொதுமக்களைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது அரசு பேசத்தான் வேண்டும். நேரம் வாங்கவாவது பேச வேண்டும். விடுவதென்றால் தீர்ப்பில்லாதவர், சிறுவர், நோயாளி என்று தொடங்க வேண்டும். பொதுமக்களைக் கொன்றதற்காக விசாரித்துத் தண்டிக்கப்பட்டவரைக் கடைசிவரை வைத்திருக்க வேண்டும். அதற்கும் கைதிகளில் யார் அப்படிப்பட்டவர் என்று பிரித்துக் காட்டும் நேர்மையான வழக்குகள் வேண்டும். அது இல்லாத அரசிடம் விடுவதற்கும் வைத்திருப்பதற்கும் ஒரே நியாயம்தான் இருக்கும், அதாவது ஒன்றும் இருக்காது.

தேத்தண்ணிக் கடைக்குத் திரும்புகிறேன். ஐயா கணக்கை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார். "அவங்கள் ஒவ்வொருத்தற்ர பேரும் போட்டிருக்கிறாங்கள் பாத்தியே தம்பி. படம், வயசு, எந்த ஊர், எல்லாம்." பரிமாற்றத்துக்கு முன்பே இரண்டு பக்கப் பெயர்களும் வெளிவந்திருந்தன. ஓமந்தையிலும் ஆட்கள் நடப்பதற்கு முன்னால் நடந்தது பட்டியல்தான்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இலும் வவுனியாவில் அதே மாதம் 24 இலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் தங்கள் கையாலேயே ஒப்படைத்த பிள்ளைகளைப் பற்றித்தான் பலர் கேட்கிறார்கள். அவர்கள் மாற்றிக் கொடுக்க எதையும் வைத்திருக்கவில்லை. 2017 ஜூனில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைச் சந்தித்தபோது முதலில் வைத்த கோரிக்கை, சரணடைந்தவர்களின் பட்டியலைத் தாருங்கள் என்பது. தருவதாக அவர் சொன்னார், வரவில்லை. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் நடந்த ஆட்கொணர்வு மனு விசாரணையில் இராணுவம் ஒரு பட்டியலைக் கொண்டுவந்தது, அது புனர்வாழ்வு முடித்து வெளியே வந்தவர்களின் பெயர்கள். 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், சரணடைந்த சிலர் விடயத்தில் இராணுவம் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

வவுனியாப் போராட்டக் கொட்டிலில் இருக்கும் படங்களுக்குக் கீழே பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். தங்கள் பக்கப் பட்டியலை அவர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள்.